பாட்டியின் படிக்கம்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், தவக்காலம் தொடங்குவதற்குச் சற்று முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருப்பலி முடிந்து ஆலய வளாகத்து வேப்பமரத்தடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். பங்குப் பேரவையில் என்னோடு பல ஆண்டுகள் பணியாற்றிய நண்பர் ஒருவர் அருகில் வந்தார். வீட்டு நலமெல்லாம் விசாரித்த பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்கள் மகள் ஏதோ ஓட்டலில் ஒயின் ஊற்றிக் கொடுக்கும் வேலையில் இருப்பதாகப் பேசிக்கொள்கிறார்களே, மெய்தானா, அண்ணே?" என்று கேட்டார்.

மெய்தான். ஆயினும் ஆம் என்று சொல்ல என் நா எழவில்லை. வெயில் ஏறுகிறது, பிறகு பேசுவோம் என்று சொல்லி நழுவிவிட்டேன். அன்று அவருக்குச் சொல்லாத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோவிலுக்குச் செல்லும் சாலையைப் பழைய நாளில் பார்த்தவர்கள் இன்று பார்த்தால் திகைத்துப் போவார்கள். ஏரியும் வயலும் செங்கல் சூளையுமாக இருந்த ஊர்கள் அவை. 1990-களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கொரிய நாட்டார் கார் ஆலை எழுப்பினார்கள். பின் கண்ணாடி ஆலை வந்தது. 2010-இல் ஒரகடத்தில் பிரெஞ்சு, ஜப்பானியக் கூட்டு ஆலை வந்தது. அதற்கடுத்து ஜெர்மானியரின் லாரி ஆலை வந்தது. ஆலைகளின் பின்னே அந்நாட்டுப் பொறியாளர்களும், அவர்கள் பின்னே அவர்களுடைய நாக்குக்கு ஏற்ற உணவகங்களும் வந்தன. கொரிய எழுத்தில் பெயர்ப்பலகை தொங்கும் கடைகளை இன்று நம் ஊர்ப் பிள்ளைகள் ஏறிட்டும் பார்ப்பதில்லை. நானும் இந்த ஆலைகளால் பிழைத்தவன்தான். வாகன உதிரிப் பாகம் செய்யும் தொழிற்கூடம் ஒன்றில், வந்திறங்கும் சரக்கைச் சோதித்து ஏற்கும் பிரிவில், இருபத்தேழு ஆண்டுகள் நின்றிருக்கிறேன். ரப்பர் புஷ், வாஷர், ஸ்பிரிங் என எது வந்தாலும் அளந்து, தடவி, சில வேளை முகர்ந்தும் பார்த்து, 'ஏற்கலாம்', 'திருப்பு' என்று முத்திரை குத்துவதே என் தொழில்.

மகள் தரமணியில் உணவக மேலாண்மை படித்தாள். படிப்பு முடிந்ததும் எங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் அரைமணி தூரத்தில் ஒரு நட்சத்திர ஓட்டலில் வேலை கிடைத்தது. முதலில் வரவேற்பு மேசை. பின்பு உணவுக் கூடம். ஒரு நாள் இரவு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அப்பா, என்னை ஒயின் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். அதற்கென்று ஒரு பரீட்சை இருக்கிறது. எழுதப் போகிறேன்" என்றாள். என் மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். என் தாயார் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார்.

அந்த மௌனத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும். என் தந்தையார் சூளையில் மேஸ்திரி. 1981-இல் சாராயக் கடைகள் மறுபடி திறக்கப்பட்டபோது, சூளையிலிருந்து எங்கள் தெருவுக்கு வரும் வழியில் ஒன்று அமைந்தது. அதைத் தாண்டி நேராக வீடு வந்து சேர்ந்த நாள் அவருக்கு அதன்பின் அரிதாயிற்று. 1984-இல், நாற்பத்து மூன்று வயதில், வயிறு வீங்கிக் கண் மஞ்சளாகிப் போய்ச் சேர்ந்தார். எனக்கு வயது பதினாறு. கல்லறைத் தோட்டத்தில் பிடி மண் போட்ட கையோடு, இந்த நாக்கில் ஒரு சொட்டும் படாது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஆலையில் எத்தனையோ விருந்துகளைக் கடந்து வந்துவிட்டேன். என் தாயார் அந்நாள் முதல் தையல் தைத்தும் பால் விற்றும் எங்களை ஆளாக்கியவர். அவர் இருக்கும் வீட்டில் ஒயின் பரீட்சை என்ற பேச்சு!

அந்தச் சொல்லுக்கும் நம் நாட்டில் கெட்ட காலந்தான். கோவிலில் நாம் திராட்சை இரசம் என்கிறோம். தெருவிலோ 'ஒயின் ஷாப்' என்றால் பிராந்தி, விஸ்கி விற்கும் கடை. திராட்சை இரசம் அங்கே தேடினாலும் கிடைப்பது அருமை. அந்தக் கடையின் பெயர்ப்பலகை ஒன்றே உறவினர்க்குத் தெரிந்த ஒயின். காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து வந்து ஏறக்குறைய முடிவாகியிருந்த நல்ல வரன் ஒன்று, "பெண் ஊற்றிக் கொடுக்கும் வேலையாமே" என்ற ஒரே சொல்லில் நின்றுபோயிற்று. மனைவி அழுதாள். வேலையை விடச் சொன்னேன். மகள் எதிர்த்துப் பேசவில்லை. "ஒரு நாள் வந்து பாருங்கள், அப்பா. பார்த்த பிறகும் விடச் சொன்னால் விட்டுவிடுகிறேன்" என்றாள்.

ஒரு புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் போனேன். உணவுக்கூடம் காலியாக இருந்தது. வெள்ளைத் துணி விரித்த மேசையில் காலுயர்ந்த சிறு கண்ணாடிக் கோப்பைகள் ஆறு. அவற்றை நான் உற்றுப் பார்ப்பதைக் கண்டு, "இதற்கும் ஐ.எஸ்.ஓ. உண்டு, அப்பா. 3591, 1977-ஆம் ஆண்டு" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஆலையில் தரச்சான்றுக்காக ஐ.எஸ்.ஓ. என்ற மூன்று எழுத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்திருந்தது. குடிக்கும் கோப்பைக்கு அது எதற்கு? வாய் குறுகி, வயிறு அகன்ற அந்தக் கோப்பை ஏறத்தாழ 215 மில்லி கொள்ளும். அதில் 50 மில்லி மட்டும் ஊற்ற வேண்டும். எஞ்சிய இடம் மணம் திரண்டு நிற்பதற்கு. உலகில் எங்கே எவர் சோதித்தாலும் கோப்பையின் வடிவத்தால் வேறுபாடு நேரக்கூடாது என்பதற்காக வகுத்த அளவு. எங்கள் பிரிவில் எல்லாரும் ஒரே கேஜை வைத்து அளப்பது போலத்தான்.

கோப்பையைச் சாய்த்து வெள்ளைத் துணிக்கு மேல் பிடித்தாள். நடுவில் அடர்ந்த நிறம், விளிம்பில் ஊதா. இது இளையது என்றாள். சிவப்பு இரசம் முதிர முதிர ஊதா தேய்ந்து, மாணிக்கச் சிவப்பாகி, பின் செங்கல் நிறத்துக்கு வரும். வெள்ளை இரசமோ நாள்பட நிறம் கூடும். செங்கல் என்றதும் என் மனம் எங்கோ சென்று திரும்பியது. அவள் அதை அறியாள். பிறகு கோப்பையைச் சுழற்றி முகர்ந்தாள். புத்தகத்தில் எழுதியிருக்கும் மேல்நாட்டுப் பழங்களைத் தான் உண்டதில்லையென்றும், அதனால் தனக்கென்று ஒரு பட்டியல் வைத்திருப்பதாகவும் சொல்லி ஒரு நோட்டுப் புத்தகத்தைக் காட்டினாள். நாவல்பழம், களாக்காய், மிளகு, பச்சைக் குடைமிளகாய், புதுத் தோல் செருப்பு, மழை நனைத்த சருகு, புகையிலை, கிராம்பு என்று வரிசையாக எழுதியிருந்தாள். ஷிராஸ் என்னும் திராட்சையில் மிளகு மணம் வருவது கற்பனையன்று; மிளகிலேயே உள்ள ரோட்டண்டோன் என்னும் பொருள் அந்தத் திராட்சைத் தோலிலும் இருப்பதை ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 2008-இல் கண்டுபிடித்து வெளியிட்டார்களாம்.

ஒரு வாய் எடுத்தாள். வாய்க்குள் உருட்டினாள். காற்றை உள்ளிழுத்தாள். பின் பக்கத்திலிருந்த பாத்திரத்தில் அத்தனையையும் துப்பிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். துப்பிய பின் சுவை எத்தனை வினாடி நாவில் நிற்கிறது என்பது ஒரு கணக்கு. ஆறு கோப்பைக்கும் இப்படியே. நான் கற்பனை செய்து வைத்திருந்தது வேறு. குடிக்கிற தொழில் என்று எண்ணியிருந்தேன். ஒரு மணி நேரம் அமர்ந்து ஒரு மடக்கும் விழுங்காமல் எழுந்தாள்.

அவள் முக்கியமாகப் பயின்றுகொண்டிருந்தவை, நாட்பட்டால் மேம்படும் கனத்த சிவப்பு இரசங்கள். உலகில் செய்யப்படும் இரசத்தில் பெரும்பகுதி சில ஆண்டுகளுக்குள் அருந்திவிட வேண்டியதே, வைத்திருந்தால் கெடும். மிகச் சிலவே பத்தும் இருபதும் ஆண்டு தாங்கும். எது தாங்கும் என்பதை இளமையிலேயே கணிப்பதுதான் நடுவரின் வேலையில் கடினமான பகுதி. அதற்கு முதல் சாட்சி துவர்ப்பு. திராட்சையின் தோலிலும் கொட்டையிலும், ஊறவைக்கும் ஓக் மரப் பீப்பாயிலும் இருந்து வருவது. டானின் என்பார்கள். தோல் பதனிடக் கடுக்காயும் ஆவாரம்பட்டையும் போடுகிறோமே, அவற்றில் உள்ளதும் அந்த இனந்தான். உமிழ்நீரில் உள்ள புரதத்தைப் பிடித்துத் திரட்டிவிடுவதால் நாக்கு வறண்டு இழுக்கிறது. ஆங்கில நூல்கள் இதைச் சுவை என்று கொள்வதில்லை, தொடு உணர்ச்சி என்கின்றன. நாமோ அறுசுவையில் ஒன்றாக வைத்து, வாழைப்பூவையும் நெல்லிக்காயையும் கொடுத்துக் குழந்தைக்கே பழக்கிவிடுகிறோம். "துவர்ப்பு என்ற ஒரு சொல் இருப்பதால் எனக்கு எவ்வளவு இலகுவாயிற்று தெரியுமா?" என்றாள் மகள். அது எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் துவர்ப்பு மட்டும் போதாது. புளிப்பு வேண்டும், பழச்சாரம் செறிந்திருக்க வேண்டும், ஒன்றையொன்று அமுக்காமல் நிற்க வேண்டும். ஆண்டுகள் செல்லச் செல்லத் துவர்ப்புப் பொருளும் நிறப் பொருளும் ஒன்றோடொன்று பிணைந்து, ஒரு பகுதி வண்டலாகப் புட்டியின் அடியில் தங்க, வாயை இழுத்த கடுமை பட்டாகிவிடும். பிரான்சின் பொர்தோ, இத்தாலியின் பரோலோ ஆகியவை இதற்குப் பேர் பெற்றவை. பழச்சாரம் இல்லாமல் துவர்ப்பு மட்டும் மிகுந்த இரசத்தை எத்தனை ஆண்டு வைத்தாலும் பழம் உலர்ந்துபோய்த் துவர்ப்பே எஞ்சும். அப்படிப்பட்ட மனிதர் சிலரை நான் அறிவேன். இங்கே அந்தப் பேச்சு வேண்டாம்.

நம் நாட்டில் இது விளையுமா என்று கேட்டேன். தமிழகத்தின் திராட்சைக்குக் கம்பம் பள்ளத்தாக்குதான் பெயர்போனது. அவ்விடத்துப் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது; அதை முதலில் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுக் குருவானவர் என்று சொல்லப்படுகிறது. வெப்ப நாட்டில் கொடிக்குக் குளிர்கால உறக்கம் கிடையாது. கவாத்து செய்தால் மீண்டும் காய்க்கும். அதனால் கம்பத்தில் ஆண்டு முழுவதும் பழம் உண்டு. தின்ன அது தேன். ஆனால் மணமும் இனிப்புமே அதன் குணம். நீண்ட நாள் வைக்கத்தக்க கனத்த இரசத்துக்கு அது ஏற்றதன்று. அதற்கு காபர்னே சோவிஞோன், ஷிராஸ் போன்ற, சிறு காயும் தடித்த தோலுமுள்ள இனங்கள் வேண்டும். இரவில் குளிர வேண்டும். பெங்களூருக்கு வடக்கே நந்தி மலையடிவாரத்தில் குரோவர் நிறுவனத்தார் 1980-களின் இறுதியில் தொடங்கி இவற்றைப் பயிரிட்டு, மிஷேல் ரோலான் என்னும் பிரெஞ்சு நிபுணரின் ஆலோசனையோடு 'லா ரிசர்வ்' என்ற கலப்பு இரசத்தைச் செய்தார்கள். நாசிக்கில் 1999-இல் சூலா தொடங்கிற்று. மகள் நந்தி மலை இரசத்தைப் பிரெஞ்சு விருந்தாளிக்கு ஊர் சொல்லாமல் ஊற்றிக் கொடுத்துவிட்டு முகத்தைப் பார்ப்பதில் ஒரு குறும்பு கொண்டிருந்தாள்.

வைத்துப் பாதுகாப்பது இன்னொரு துன்பம். பன்னிரண்டு, பதின்மூன்று டிகிரி குளிர், இருட்டு, அசைவின்மை, தக்கை உலராதபடி புட்டியைப் படுக்க வைத்தல் இவையெல்லாம் வேண்டும். அக்கினி நட்சத்திரத்தில் நாற்பது டிகிரி எரியும் நம் ஊரில் ஒரு கோடையிலேயே இரசம் வெந்துவிடும். ஆயினும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் யவனர்கள் இதே வெயிலுக்குத்தான் மதுவைக் கொண்டுவந்தார்கள். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் அகழ்ந்தபோது மத்தியதரைக் கடற்பகுதியின் மதுச் சாடித் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. யவனர் கொணர்ந்த தேறலைப் புறநானூறும் பேசுகிறது. கோஸ் என்ற கிரேக்கத் தீவின் மதுவில் கெடாதிருப்பதற்காகக் கடல்நீரையே கலப்பார்களாம். நம் முன்னோர் உப்பு ஒயின் குடித்திருக்கிறார்கள் என்று சொல்லி மகள் சிரித்தாள்.

அன்று வீடு திரும்பியபின் வேலையை விடு என்று நான் சொல்லவில்லை. தொடர் என்றும் சொல்லவில்லை. ஒரு கேள்வி மட்டும் என்னை உறுத்திற்று. அளவுகோலில் பழகியவன் நான். நாக்கை எப்படி நம்புவது? எங்கள் ஆலையில் ஒரு கேஜையும் ஒரு சோதனையாளரையும் நம்புவதற்கு முன் ஒரு பரீட்சை வைப்போம். ஒரே உதிரிப் பாகத்தை, அதே பாகம் என்று தெரியாதபடி, மூன்று முறை அளக்கக் கொடுப்போம். மூன்று தடவையும் ஒரே விடை வரவேண்டும். வராவிட்டால் அவர் கையெழுத்துக்கு மதிப்பில்லை. நாக்குக்காரருக்கு இப்படி யாராவது வைத்ததுண்டா என்று மகளிடம் கேட்டேன். சிறிது வெட்கத்தோடு சொன்னாள்: வைத்திருக்கிறார்கள், பெரும்பாலோர் தோற்றார்கள். கலிபோர்னியா மாநிலப் பொருட்காட்சிப் போட்டியில் ஹாட்ஜ்சன் என்பவர் ஒரே புட்டி இரசத்தை நடுவர்களுக்கே தெரியாமல் மூன்று கோப்பையில் கொடுத்துச் சோதித்து 2008-இல் முடிவை வெளியிட்டார். பத்தில் ஒரு நடுவரே மூன்றுக்கும் ஒரே தரத்துப் பதக்கம் தந்திருந்தார். அதற்கு முன் 2001-இல் வெளியான மற்றோர் ஆய்வில், பொர்தோவில் ஒயின் கலை பயிலும் 54 மாணவர்களிடம் வெள்ளை இரசத்தில் சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு இரசத்துக்குரிய சொற்களாலேயே வருணித்தார்கள்.

"பின் எதற்கு இந்தப் பரீட்சை?" என்றேன்.

"கண்ணும் பெயரும் விலையும் ஏமாற்றும் என்று தெரிந்துகொள்ளத்தான், அப்பா. அதனால்தான் புட்டியை மறைத்துச் சுவைக்கிறார்கள்" என்றாள். 1976 மே 24 அன்று பாரிஸில் நடந்ததையும் சொன்னாள். பெயர் மறைத்து வைத்த பிரெஞ்சு, கலிபோர்னிய இரசங்களை ஒன்பது பிரெஞ்சு நடுவர்கள் தீர்ப்பிட்டார்கள். சிவப்பில் முதலிடம் கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973-க்குப் போயிற்று. இளமையில் பளபளக்கலாம், முதுமையில் பிரெஞ்சு இரசமே நிற்கும் என்று பலர் சமாதானம் சொன்னார்கள். முப்பது ஆண்டு கழித்து, 2006-இல், அதே சிவப்பு இரசங்களை மீண்டும் சுவைத்தபோது முதல் ஐந்து இடமும் கலிபோர்னியாவுக்கே. தலைமை ரிட்ஜ் 1971.

அதைக் கேட்டபோது கானாவூர்த் திருமணம் நினைவுக்கு வந்தது. யோவான் நற்செய்தியில் பந்தி மேற்பார்வையாளர் அந்த இரசத்தைச் சுவைக்கையில் அது எங்கிருந்து வந்ததென்று அவருக்குத் தெரியாது, பணியாளருக்குத்தான் தெரியும். எத்தனை முறை கேட்ட வாசகம்! புட்டி மறைத்த தீர்ப்பு என்று அதை நான் எண்ணிப் பார்த்ததேயில்லை. பந்தியில் நல்லதை முதலில் வைப்பார்கள் என்று அவர் சொல்லும் வழக்கமும் தொழில் தெரிந்தவர் பேச்சு. நாக்கு மரத்த பிறகு யாருக்கும் தரம் தெரியாது.

அப்படியானால் உன்னைச் சோதிப்போம் என்றேன். எப்படி ஒப்புக்கொண்டேன் என்று இன்றும் வியக்கிறேன். ஓட்டலில் எஞ்சுவதை மேலாளர் அனுமதியோடு சிறு மருந்துப் புட்டிகளில் கொண்டுவருவாள். அவள் கண்ணை மூடி அமர்ந்திருக்க, நான் மூன்று கோப்பையில் ஊற்றுவேன். இரண்டில் ஒன்றே, மூன்றாவது வேறு. வேறானதை அவள் சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒன்று சரியாகும் என்பதையும் கணக்கில் வைத்தேன். முதல் நாள் ஊற்றும்போது என் கை நடுங்கிற்று. மூடியைத் திறந்ததும் வரும் வாடைக்காக நெஞ்சு காத்திருந்தது. தந்தையாரின் சட்டையில் வீசும் வாடை வேறு, இது வேறு. அதன்பின் கை நிலைத்தது.

துப்புவதற்குப் பாத்திரம் வேண்டுமே என்று தேடியபோது அடுக்களையில் எதையும் மனைவி தர மறுத்துவிட்டாள். என் தாயார் கட்டிலடியிலிருந்து தம் பித்தளைப் படிக்கத்தைத் துலக்கி எடுத்துவந்து மேசையில் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. பேத்தி வாயில் வைப்பதையும் துப்புவதையும் ஒவ்வொரு மாலையும் சுவரோரம் அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். முதல் பத்து முறையில் நான்குதான் சரி, ஏறக்குறைய குருட்டாம்போக்குத்தான். மகள் முகம் வாடிற்று. மூன்றாம் வாரம் பத்துக்கு ஏழு. எங்கள் ஆலையில் இன்னும் வேலைக்கு எடுக்கமாட்டோம் என்று சொன்னேன்.

ஒரு மாலை அவள் மிகப் பத்திரமாக ஒரு முழுப் புட்டியைக் கொண்டுவந்தாள். ஊர் திரும்பிய வெளிநாட்டு விருந்தாளி ஒருவர் பரிசாக விட்டுச் சென்றது. பதினைந்து ஆண்டு முதிர்ந்தது. அதன் விலையைக் கேட்டபின் எனக்குப் புட்டியைத் தொடவே பயமாக இருந்தது. தக்கையை எடுத்தாள், வண்டல் கலங்காமல் ஊற்றினாள், முகர்ந்தாள். நெற்றி சுருங்கிற்று. "பழமே வரவில்லை. நீண்ட நாள் மூடிக்கிடந்ததால் இருக்கும், காற்றுப் பட்டால் திறக்கும்" என்றாள். அரைமணி காத்திருந்தோம். மாற்றமில்லை. தன் மூக்கின்மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கோப்பையை என்னிடம் நீட்டி, "முகர்ந்து மட்டும் பாருங்கள், அப்பா" என்றாள்.

முகர்ந்தேன். 2015 டிசம்பர் என்றேன்.

அவள் விழித்தாள். அந்த டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் கிடங்கில் இரண்டடி தண்ணீர் நின்றது. வடிந்தபின் ஆயிரக்கணக்கான அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து உள்ளிருந்த சரக்கைச் சோதித்தவன் நான். நனைந்து பூசணம் பிடித்த அட்டையின் அந்த நாற்றம் மூன்று வாரம் என் சோற்றிலும் இருந்தது. அதே நாற்றம் இந்தக் கோப்பையில்! மகள் நாற்காலியில் பின்சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். புத்தகத்தில் அப்படியேதான் எழுதியிருக்கிறது, நனைந்த அட்டை என்றே. தக்கையில் உண்டாகும் டிரைக்குளோரோ அனிசோல் என்ற பொருளின் கேடு; 1981-இல் சுவிட்சர்லாந்தின் டானர் என்பவர் காரணத்தைக் கண்டறிந்தார். ஓர் இலட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்கு அறியும். பழ மணத்தை அமுக்கிவிடும். விலையும் வயதும் அவள் கண்ணை மறைத்திருந்தன. எனக்கு அவை இரண்டிலும் மரியாதை கிடையாது. கெட்ட சரக்கைத் திருப்பி அனுப்பிப் பழகியவன். பதினைந்து ஆண்டு காத்த இரசம் முழுவதும் படிக்கத்துக்குப் போயிற்று.

இதையெல்லாம் எழுதுவதால் குடிக்கு நான் குடை பிடிப்பதாக எவரும் கொள்ள வேண்டாம். மகளே எனக்குக் காட்டியது: எந்த அளவு மதுவும் உடலுக்குத் தீங்கற்றது என்று சொல்ல முடியாதென உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள், குடிநோயில் பரம்பரையின் பங்கு ஏறத்தாழப் பாதி என்கின்றன. அந்தப் பாதி எங்கள் இரத்தத்தில் இருக்கக்கூடும். துப்பினாலும் சிறிது உள்ளே போகாமல் இராது. இந்தப் பயம் எனக்கு இன்றும் தீரவில்லை. அவளிடம் மறைக்கவும் இல்லை. தனியாக இருக்கும்போது புட்டி திறப்பதில்லை, வேலையன்றி வேறெங்கும் சுவைப்பதில்லை என்று இரண்டு கட்டுப்பாடுகளை நாங்கள் கேட்காமலே எழுதிச் சுவரில் ஒட்டினாள். இவ்வளவு பார்த்தபின் ஒரு நாள் என் தாயார், "உன் தாத்தாவுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு, படிக்கத்தை எடுத்துக்கொண்டு கழுவப் போனார். அவர் எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

பரீட்சையின் இரண்டாம் நிலையில் சென்ற ஆண்டு தேறினாள். வரன் இன்னும் அமையவில்லை.

சென்ற மே மாதம் திருப்பலிக்குப் பின் பங்குத் தந்தை எங்களைச் சக்கிரீஸ்துக்குள் அழைத்தார். திருப்பலி இரசம் சில நாட்களாக ஒரு மாதிரி இருப்பதாகச் சொன்னார். அது கொடிமுந்திரியின் இயற்கையான இரசமாயிருக்க வேண்டும், கெட்டிருக்கலாகாது என்பது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 924-ஆம் விதி. காடியாகிப்போனால் திருப்பலிக்கு ஆகாது. மேற்குச் சுவர் அலமாரியில், கதவு தொட்டால் சுடும் இடத்தில், பாதி காலியான பெரிய புட்டி நின்றது. மகள் ஒரு துளி கோப்பையில் விட்டு முகர்ந்தாள். "இன்னும் காடியாகவில்லை, ஃபாதர். ஆனால் புறப்பட்டுவிட்டது" என்றாள். சிறு புட்டிகளில் நிரப்பி, குளிர்பெட்டியில் வைத்து, திறந்த தேதியை எழுதி ஒட்டிவைக்கச் சொன்னாள். வேப்பமரத்தடி நண்பர் அப்போது வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அதற்கு என்ன மாதிரிச் சீட்டு வேண்டும், பாப்பா?" என்று அவரே முன்வந்து கேட்டார்.

சீட்டு வாங்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். முந்தி வந்தது முந்திச் செல்ல வேண்டும் என்பதற்காக எங்கள் கிடங்கில் ஒட்டுகிறோமே, அதே மஞ்சள் சீட்டு. ஆலையிலிருந்து எடுக்கவில்லை, சுங்குவார்சத்திரம் கடையில் காசு கொடுத்து வாங்கினேன்.